வலம்புரிச் சங்குன்னு சொல்லி 1,80,000 ரூபா கேக்குறாரு, படத்தைப் பாத்து இது என்ன இனம்னு சொல்ல முடியுமா?

பூம்பாறை_பூண்டு:
வணக்கம் மக்களே. நம்ம சித்தப்பா மேல பூம்பாறையில பூண்டு போடுறாரு, இந்த வருசம் வெலை கொஞ்சம் நல்லா நின்னுச்சு, அது எப்பிடித்தான் மூக்குல வேர்த்துச்சோ தெரியல பழனி அடிவாரத்துல இருந்து ஒரு புரோக்கர் வந்து திண்ணையில உக்காந்துட்டாரு. செவப்பு வெல்வெட் துணியில சுத்துன ஒரு சங்கு, அசல் வலம்புரி, ராமேஸ்வரம் கடல்ல எடுத்தது, வீட்டுல வச்சா தோட்டம் ரெண்டாகும், கடன் அடையும், இப்பிடி. 1,80,000 சொல்றாரு. சித்தப்பா 5,000 அட்வான்ஸ் குடுத்துட்டாரு, ஞாயித்துக்கிழமை வந்து மீதியை வாங்கிக்கிறேன்னு சங்கை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு சங்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீளம் ஸ்கேல் வச்சுப் பாத்தேன் 21 செ.மீ. நல்ல வெள்ளை, பளபளன்னு இருக்கு. கூம்பு மேல இருக்குற மாதிரி பிடிச்சா வாய் இடது பக்கம் திறக்குது. தோள் பக்கத்துல சுத்தி வரிசையா மொட்டு மாதிரி புடைச்சிருக்கு, அடியில நீளமா வால் மாதிரி போகுது. மூணு படம் போட்டிருக்கேன், காலையில இருந்து ஒரே மூடுபனி, வெளிச்சமே இல்ல, இருக்குறத வச்சுப் பாத்துச் சொல்லுங்க.

பழனிபாதை:
தம்பி முதல்ல காதுல வச்சுப் பாருங்க, ஓம்னு சத்தம் வந்தா அசல். அப்புறம் ஒரு தட்டுல பச்சரிசி பரப்பி அது மேல வச்சு ராத்திரி விட்டா காலையில தானா திரும்பி இருக்கும். எங்க பெரியவங்க இப்படித்தான் பாப்பாங்க.

டார்ச்_அடி:
1,80,000 ரூபா சாமானை 5,000 வாங்கிட்டு யாராச்சும் விட்டுட்டுப் போவாங்களா, அதுலயே பாதி விடை தெரியுதே ப்ரோ. காதுல வச்சா சத்தம் எங்க வீட்டு ஈயச் சொம்புலயும் தான் வரும், சுத்தி இருக்குற இரைச்சல் உள்ள போய் முட்டி எதிரொலிக்குது அவ்வளவுதான். அரிசி டெஸ்ட்டுக்கு காலையில பல்லி தள்ளி விட்டிருந்தாலும் அசல்னு தான் சொல்லுவீங்க.

ஓடுபொறுக்கி:
சண்டை வேண்டாம், படத்தைப் பாப்போம். நான் குன்னூர், காலேஜ்ல விலங்கியல் எடுத்து ரிட்டயர் ஆனவன், ஓடு சேக்குற பைத்தியம் இன்னும் போகல.

தம்பி, முதல் கேள்வி, இந்தப் படங்களை செல்ஃபி கேமராவுல எடுத்தீங்களா? சில போன்ல அது கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்திடும், சாதாரணச் சங்கு வலம்புரி ஆயிடும், வாட்ஸ்அப்புல விக்கிற பாதிப் பேரு செய்யிற வேலையே அதுதான். உங்க ரெண்டாவது படத்துல பின்னாடி தினசரிக் காலண்டர் தொங்குது, அதுல எண்ணு நேராத்தான் தெரியுது, அதனால படம் சரி. நெஜமாவே இடது பக்கம் திறக்குற ஓடுதான்.

இப்ப பிடிக்கிற விதத்தை ஒருதரம் சொல்லிடுறேன், இல்லாட்டி இந்த இழையில ஆளாளுக்கு வேற வேற சொல்லிக் குழம்பும். ஓடு படிக்கிறவங்க கூம்பு மேல, வாய் நம்மளைப் பாத்து, அப்படிப் பிடிப்பாங்க. அதுல வாய் வலது பக்கம் வந்தா அது கடல்ல கோடிக்கணக்குல இருக்குற சாதாரண வகை. பூஜைக்காரங்க தலைகீழா, வால் மேல வர்ற மாதிரி பிடிப்பாங்க, அதனால நாங்க இடதுன்னு சொல்றதுதான் அவங்களுக்கு வலம்புரி. உங்க சித்தப்பா சங்கு அந்தக் கணக்குல வலம்புரி திசைதான், அதுல புரோக்கர் பொய் சொல்லல.

ஆனா திசை ஒரு தனி அடையாளம், இனம் ஒரு தனி அடையாளம். நம்ம ஊருச் சங்கு, அதாவது டர்பினெல்லா பைரம், அதுல லட்சத்துல ஒண்ணா எங்கயோ தப்பிப் பிறக்குற இடதுகை ஓட்டுக்குத்தான் இந்த விலையும் மரியாதையும். வேற இனம் ஒண்ணு பிறக்குறதே இடதுகையாத்தான், அது எத்தனை இருந்தாலும் அதிசயமே கிடையாது. இது ரெண்டுல எதுன்னு தெரியணும். மொபைல் டார்ச்சை வாய்க்குள்ள அடிச்சு நடுத்தண்டைப் பாருங்க. ஓடு எதைச் சுத்திச் சுருண்டிருக்கோ அந்த நடுவாந்தரத் தூண், வாயோட உள்பக்கச் சுவரா தெரியும். சுண்டுவிரலை விட்டுத் தடவுங்க. அதுல என்ன இருக்கு?

பூம்பாறை_பூண்டு:
சார் பாத்தேன். வழவழன்னு இருக்கு. ரொம்ப உள்ள ஒரே ஒரு மேடு மாதிரி லேசா ஓடுது, அதுவும் தடவுனாத்தான் தெரியுது, கண்ணுக்கு ஒண்ணும் பெருசா இல்ல.

முத்துநகர்_இப்போ_கொடை:
அப்போ முடிஞ்சுது கதை. நான் தூத்துக்குடிக்காரன், இங்க ஏழு ரோடு பக்கம் பேக்கரி போட்டிருக்கேன், எங்க அப்பா சங்கு குளிக்கப் போனவிய. நம்ம சங்குல நடுத்தண்டுல மூணு இல்ல நாலு வரம்பு நல்லா கெட்டியா நிக்கும், போல்ட்டுல மரை இருக்குமே அப்படி, கண்ணை மூடிட்டு விரலை விட்டாலும் தெரியும். எங்க வீட்டுல சின்னப் பிள்ளையளுக்குக் கூட தெரியும். அது இல்லன்னா அது நம்ம கடல்ச் சங்கே கிடையாது. ராமேஸ்வரத்துல எடுத்ததுன்னு சொன்னான்ல, எந்தப் பாருல, அதாவது கடலுக்கடியில சங்கு கிடக்குற எந்தத் திட்டுல எடுத்தான்னு கேளுங்க, திருதிருன்னு முழிப்பான்.

இன்னொன்னு, நம்ம சங்கு கடல்ல இருந்து வாரப்போ வெள்ளையா வராது. பழுப்புத் தோல் ஒண்ணு மேல ஒட்டிக் கிடக்கும், அதைச் சொரண்டி எடுத்தாத்தான் உள்ள பால் வெள்ளை. மெருகு போட்டாலும் சுருளுக்கு நடுவுல இருக்க பள்ளத்துல கொஞ்சம் பழுப்பு மிச்சம் இருக்கும். அதையும் பாருங்க. எனக்கு ரெசின்ல வார்த்து எடுத்ததோன்னு கூட சந்தேகமா இருக்கு.

ஓடுபொறுக்கி:
முத்துநகர் சொன்னது ரொம்பச் சரி, அந்த வரம்பு தான் டர்பினெல்லாவோட கையெழுத்து, மேல எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள இருக்குறத யாரும் தேய்ச்சு எடுக்க முடியாது. ரெசினான்னு பாக்க உதட்டுப் பக்கம் பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க தம்பி. உதட்டுக்கு இணையா மெல்லிசா கோடு கோடா ஓடும், விலங்கு வளர வளர உதட்டுல சுண்ணாம்பு சேத்துக்கிட்டே போற தடம் அது. வார்த்ததுன்னா அந்தக் கோடு மழுங்கி இருக்கும், அச்சு சேந்த தையல் எங்கயாச்சும் தெரியும், சின்னச் சின்ன காத்துக் குமிழி இருக்கும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாருங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்க, செய்யாதீங்க, ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுக்கும்போது கறை இருக்குன்னு அந்தாளு அதுக்கும் காசு கேப்பான்.

கூடவே எடை போட்டுப் பாருங்க. உதட்டுக்கு வெளியில இருந்து டார்ச் அடிச்சா வெளிச்சம் உள்ள வருதான்னும் பாருங்க.

பூம்பாறை_பூண்டு:
சார் பூண்டுத் தராசுல போட்டேன் 390 கிராம் காட்டுது. பூதக்கண்ணாடிக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா கிட்ட ஓடுனேன். கோடு இருக்கு, நிறைய, நெருக்கமா, சில இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன மாதிரி. தையல், குமிழி ஒண்ணும் இல்ல. டார்ச் அடிச்சா உதட்டுல இருந்து ரெண்டு விரக்கடை வரைக்கும் வெளிச்சம் ஊடுருவுது, அந்த வெளிச்சத்துல ஒரு விசயம் தெரிஞ்சுச்சு, வெளியில வெள்ளையா இருக்குற இடத்துல உள்ளுக்குள்ள மங்கலா பழுப்புக் கோடுங்க மேல இருந்து கீழ இறங்குது, நெளிஞ்சு நெளிஞ்சு. ஒரு நாலஞ்சு கோடு. நாலாவது படமா போட்டிருக்கேன்.

ஓடுபொறுக்கி:
அருமையான படம் தம்பி, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். இது சினிஸ்ட்ரோஃபல்கர் பெர்வர்சம். பழைய புத்தகங்கள்ல பியூசிகான்னு இருக்கும், வியாபாரத்துலயும் இன்னும் அந்தப் பேருதான். அமெரிக்காவோட தென்கிழக்குக் கரையிலயும் மெக்சிகோ வளைகுடாவுலயும் கிடைக்கிற இனம், டெக்சாஸ் மாநிலம் 1987-ல இதைத் தன்னோட மாநில ஓடுன்னே அறிவிச்சிருக்கு. வளந்தா 40 செ.மீ. வரைக்கும் போகும். அந்த இறங்குற பழுப்புக் கோடுங்களைப் பாத்துத்தான் அங்க அதுக்கு மின்னல்னு பேரே வச்சிருக்காங்க, குட்டியில பளிச்சுன்னு இருக்கும், வயசானா வெளுத்துப் போகும், மெருகு போட்டா மேல சுத்தமா போயிடும். உங்க டார்ச் அதைத்தான் பிடிச்சிருக்கு.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா எல்லாமே ஒரே பக்கம் கை காட்டுது. தண்டுல ஒத்தை மடிப்பு. தோள்ல மொட்டு வரிசை, நம்ம சங்குல பெருசானதுல தோள் உருண்டு பேரிக்காய் வாகுல இருக்கும், பைரம்ங்கிற பேரே அதனாலதான். வால் நீளமா படிப்படியா மெலிஞ்சு போகுது, நம்மது உடம்பு கனமா உருண்டு வந்து அப்புறம் சட்டுன்னு சுருங்கும். எடை வேற, 21 செ.மீ. நீளத்துக்கு நம்ம சங்குன்னா இதைப் போல ரெண்டு மடங்காவது இருக்கும், சுவரும் அவ்வளவு தடிமன், உதடு தவிர வேற எங்கயும் வெளிச்சம் லேசுல நுழையாது. அதனாலதான் வங்காளத்துல வளையல் அறுக்குறதுக்கு நம்ம தூத்துக்குடிச் சங்கு போகுது, இந்த மெல்லிசு ஓட்டை அறுத்தா வளையல் நிக்காது.

திசையை மட்டும் வச்சு முடிவு பண்ணியிருந்தா இந்த ஒத்த அடையாளத்துல நாம எல்லாருமே ஏமாந்திருப்போம். எந்த ஓடா இருந்தாலும் வாய், தண்டு, தோள், வால், கூம்பு நுனி எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும். நிறத்தைக் கடைசியா பாருங்க, அது தான் மொதல்ல பொய் சொல்லும்.

டார்ச்_அடி:
என் பேருக்கு இன்னைக்கு தான் மரியாதை வந்திருக்கு 😀 அப்ப ராமேஸ்வரம் கடல் மெக்சிகோ வரைக்கும் இருக்குன்னு வச்சுக்கலாம்.

பழனிபாதை:
எல்லாம் சரி, ஒரு விசயம் கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க. நம்பிக்கையா ஒருத்தர் பூஜை ரூம்ல வைக்கிறாரு, அது எந்த நாட்டுக் கடல்ல பிறந்தா என்ன? எல்லாத்தையும் டார்ச் அடிச்சு அளந்தா சாமியே மிஞ்சாது.

ஓடுபொறுக்கி:
கோவமே இல்லைங்க. பூஜைக்கு அவரு எதை வச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல, மெக்சிகோ ஓட்டையும் தாராளமா வைக்கலாம். அதுக்கு சில ஆயிரத்துக்கு மேல போகாது, 1,80,000 கேக்குறது இனத்துக்கு. இனத்தைச் சொல்லிக் காசு கேக்கும்போது இனத்தைச் சரி பாக்குறதுல சாமிக்குக் குறைச்சல் வராது.

முத்துநகர்_இப்போ_கொடை:
அண்ணாச்சி சொல்லது சரி. சங்கு அரசாங்கத்து ஏகபோகமா இருந்த காலத்துல எங்கப்பா காதுல ஒருத்தர் வலம்புரி எடுத்தாருன்னு சேதி வந்தா ஊரே அந்த வீட்டுக்குப் போய்ப் பாக்குமாம். ஆயுசு பூரா குளிச்சவிய கண்ணுல படாதது, இப்ப ஒவ்வொரு கோயில் அடிவாரத்துலயும் பெட்டி பெட்டியா வச்சிருக்கான்னா யோசிக்கணும்லா.

குன்னூர்_தேயிலை:
சார் நானும் குன்னூருங்க, ஒரு சந்தேகங்க. நீங்க இடது பக்கம் திறக்குறது அபூர்வம்னு சொல்றீங்க, ஆனா எங்க தோட்டத்துல மழை வந்தா தேயிலைச் செடி அடியில ஊருற நத்தைல ஒரு வகை முழுக்க இடது பக்கம் தாங்க திறக்குது, இதைப் படிச்சிட்டு இப்பத்தான் போய்ப் பாத்தேன், காலி ஓடு ஏழெட்டு கிடந்துச்சு, எல்லாமே அப்படித்தான். பட்டையா, மெல்லிசா, மேல பழுப்பு வளையம் ஓடுது. அப்ப நான் கோடீஸ்வரிங்களா?

ஓடுபொறுக்கி:
ஹா ஹா, அம்மா அது அனேகமா அரியோபாண்டா. தென்னிந்தியாவுல இருக்குற நில நத்தைப் பேரினம், அதுல இடதுகை இனங்கள் உண்டு, அதுங்க குலமே அப்படி. சினிஸ்ட்ரோஃபல்கர் கதையேதான். ஒரு கூட்டமே இடதா இருந்தா அது இனத்தோட குணம், கூட்டத்துல ஒண்ணு மட்டும் மாறிப் பிறந்தா அதுதான் பிறழ்வு. உலகத்துல வயித்துக்காலி, அதாவது நத்தை, சங்கு வகை ஓடுகள்ல பத்துல ஒம்பதுக்கு மேல வலது பக்கம் தான். கடல்ல இடதுகையாவே இருக்குற குடும்பம் ட்ரைஃபோரிடேன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதெல்லாம் சில மில்லிமீட்டர் பொடி, கை நிறையுற அளவுக்கு வளர்றது இந்த மின்னல்காரன் மாதிரி விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான், அதனாலதான் வியாபாரிங்க இதையே பிடிச்சுக்கிட்டாங்க.

வேடிக்கை என்னன்னா திசையை முடிவு பண்றது அந்த நத்தையோட ஜீன் கூட இல்ல, அம்மாவோட ஜீன். முட்டையில அம்மா வச்சு அனுப்புறது தான் முதல் சில செல் பிரிவுலயே எந்தப் பக்கம் முறுக்குறதுன்னு தீர்மானிச்சிடும். குளத்து நத்தையில அதுக்குக் காரணமான ஜீனை 2016-ல கண்டுபிடிச்சாங்க. டர்பினெல்லாவும் முட்டையை ஒரு உறைக்குள்ள அடுக்கடுக்கா வைக்கும், முறுக்குன ஆட்டுக்கொம்பு மாதிரி இருக்கும்.

முத்துநகர்_இப்போ_கொடை:
அதைத்தான் நாங்க சங்குப்பூன்னு சொல்லுவோம். வலையில மாட்டிக் கரைக்கு வரும், சின்ன வயசுல அதை ஆட்டிக் கிலுகிலுப்பை மாதிரி விளையாடியிருக்கேன், காஞ்சுதுன்னா கடகடன்னு நல்லா சத்தம் வரும். இன்னிக்கு நினைச்சா ஒவ்வொண்ணுக்குள்ளயும் எத்தனை குட்டி இருந்துச்சோன்னு தோணுது.

குன்னூர்_தேயிலை:
அப்படியே இன்னொன்னு கேட்டுக்கிறேனுங்க. ஊட்டியில டூரிஸ்ட் கடையில கொழந்தைக்கு ஒரு சோழி வாங்குனேன், உள்ளங்கை அளவு, ஊதாக் கலர்ல இருக்கு, மேல பேரு செதுக்கிக் குடுத்தாங்க. இது என்ன இனங்க? அப்புறம் எங்க மாமனார் காலத்து டேபிள் லாம்ப் ஒண்ணு பெரிய ஓட்டுல பண்ணது, மேல கொம்பு கொம்பா, வாய்ப் பக்கம் ஆரஞ்சு கலர்ல அகலமா தட்டு மாதிரி, உதட்டுல பல்லு. அதையும் சொல்லிடுங்க.

ஓடுபொறுக்கி:
சோழி பெரும்பாலும் புலிச்சோழிதாங்க, சிப்ரியா டைக்ரிஸ். மேல இருந்த புள்ளி புள்ளியான அடுக்கை ஆசிட்ல கரைச்சு எடுத்துட்டா அடியில ஊதா வரும், கடையில அதைத் தனி ரகம்னு விப்பாங்க. திருப்பி அடிப்பக்கம் பாருங்க, வெள்ளையா இருந்து ரெண்டு உதட்டுலயும் வரிசையா பல்லு இருந்தா அதுவேதான். சோழிக்கு அந்தப் பளபளப்பு இயற்கையாவே உண்டு, உயிரோட இருக்கும்போது சதை மடிப்பு வெளியில வந்து ஓட்டையே போத்திக்கிட்டு இருக்கும், அதனால பழுப்புத் தோலும் கிடையாது, பாசியும் ஒட்டாது.

லாம்ப் தான் யோசிக்க வைக்குது. நீங்க சொல்ற கொம்பு, ஆரஞ்சுக் கேடயம், உதட்டுப் பல்லு மூணும் சேந்தா காசிஸ் கார்னூட்டா. அது 2001-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்த இனம். விக்கவோ, யாருக்காச்சும் வாங்கிக் குடுக்கவோ நினைக்காதீங்க. ஓஎல்எக்ஸ்ல போட்டுட்டு வனத்துறைக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம். வீட்டுல இருக்குறதைப் பத்தி உங்க ஊர் வனச்சரக அலுவலகத்துல ஒருதரம் கேட்டு வச்சுக்கங்க. சாதாரணச் சங்கு அந்தப் பட்டியல்ல இல்ல, பயப்பட வேண்டாம்.

குன்னூர்_தேயிலை:
ஐயோ நல்லவேளை கேட்டேனுங்க. போன மாசம் ஒருத்தர் விலை பேசுனாரு. லாம்ப் பரண்ல ஏறிடுச்சு.

பூம்பாறை_பூண்டு:
ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்றேன். புரோக்கர் வந்தாரு. சித்தப்பா நான் சொன்னதை முதல்ல நம்பல, நீ போன்ல படிச்சுட்டு வந்து பேசாதடான்னுட்டாரு. அப்புறம் சித்தி ஒரு வேலை பண்ணாங்க. கோயில்ல ஊதுற சாதாரணச் சங்கு ஒண்ணை பூசாரி கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து ரெண்டையும் பக்கத்துல வச்சு, சித்தப்பா விரலைப் பிடிச்சு உள்ள விட்டாங்க. கோயில் சங்குல மூணு வரம்பு, இதுல ஒண்ணுமில்ல. சித்தப்பா ஒரு வார்த்தை பேசல, ரெண்டையும் கையில தூக்கி எடை பாத்தாரு, அப்புறம் புரோக்கரைப் பாத்து இது எந்தக் கடல்னு மட்டும் கேட்டாரு. அந்தாளு உடனே கொரலை மாத்திட்டாரு, இது ஃபாரின் வலம்புரி, இன்னும் பவர் அதிகம், உங்களுக்காக 60,000-ன்னாரு. ரெண்டு நிமிசத்துல 1,20,000 கொறைஞ்சுச்சு. சித்தப்பா சங்கை வெல்வெட்டுல சுத்திக் கையில குடுத்துட்டாரு. அட்வான்ஸ் 5,000-ஐ அடுத்த வாரம் ஜிபே பண்றேன்னு போயிருக்காரு, இன்னும் வரல.

டார்ச்_அடி:
வராது. சித்திக்கு ஒரு சல்யூட்.

முத்துநகர்_இப்போ_கொடை:
அவன் நம்பர், பேசின வாட்ஸ்அப், அட்வான்ஸ் குடுத்ததுக்கு ஏதும் இருந்தா எல்லாம் அழிக்காம வச்சுக்கிடுங்க தம்பி, 5,000-ன்னாலும் ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து வைங்க, அடுத்து மன்னவனூர்லயோ பண்ணைக்காட்டுலயோ எவன் வீட்டுத் திண்ணையிலயாவது உக்காந்திருப்பான்.

பூம்பாறை_பூண்டு:
சரிண்ணே, நாளைக்கே குடுக்குறோம். ஒரு கேள்வி மட்டும், சித்தப்பாவுக்கு இப்ப சங்கு ஆசை வந்துருச்சு, கோயில்ல ஊதுற மாதிரி நல்ல சாதாரணச் சங்கு ஒண்ணு வேணுங்குறாரு. எங்க வாங்குறது, எதைப் பாத்து வாங்குறது?

முத்துநகர்_இப்போ_கொடை:
அதுக்கு எதுக்கு புரோக்கர், நான் அடுத்து ஊருக்குப் போகையில எடுத்துட்டு வாரேன். ஊதுறதுக்குன்னா கூம்பு நுனியை நேரா வெட்டி ஓட்டை போட்டிருக்கணும், உதட்டுல பொருத்துனா காத்து கசியப்படாது. நுனிப் பக்கம் புழு அரிச்ச பொட்டுப் பொட்டா இருந்தா வேண்டாம்னுருங்க, அது உள்ள வரைக்கும் போயிருக்கும், சத்தம் பிசிறும். கையில எடுத்தா கனமா இருக்கணும், விரலை விட்டா மூணு வரம்பு. சித்தி கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, அவிய பாத்தா போதும்.